சட்டமும் நகையும்
மத்தவிலாசம் முதல் கெடா தோட்டங்கள் வரை

வழக்கு நடக்கும் மன்றத்தில் வாய்விட்டுச் சிரித்தல் தகாது என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அலோர் ஸ்டார் நகரின் நடுவே நிற்கும் பலாய் பெசார் மண்டபத்தில் கெடா சுல்தான்கள் கொலுவீற்றிருந்த நாளிலும் அடக்கமே அங்கு அணிகலனாக இருந்திருக்கும். சட்டம் கண்டிப்புடையது, நகையோ கட்டுக்கு அடங்காதது. ஆதலின் இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை எனப் பலரும் கருதுவர்.

சற்று ஆழ்ந்து நோக்கின், இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது விளங்கும். மனிதன் சொல்வதொன்றும் செய்வதொன்றுமாக வாழ்பவன். இக்கோணல் இல்லையேல் சட்டத்திற்கு வேலையில்லை, நகைக்கும் இடமில்லை. ஒன்று கோணலைத் தண்டிக்கிறது. மற்றொன்று அதனைச் சுட்டிக்காட்டுகிறது. எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதற்கண் வைத்த தொல்காப்பியர், அஃது இளமை, பேதைமை, மடன், எள்ளல் என்னும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என வகுத்தார். எள்ளல் என்பது பிறரை எள்ளி நகுதல் மட்டுமன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதலும் ஆம் என்பது உரையாசிரியர் பேராசிரியர் கருத்து. இவ்விரண்டாம் வகையே சட்டத்தையும் நகையையும் எடைபோட உற்ற துலாக்கோல் ஆகும். தன்னைக் கண்டு தானே நகுவதற்கு அதிகாரத்திற்கு மனம் வருமா என்பதே கேள்வி.

மன்னன் எழுதிய நகை

இக்கேள்விக்கு விடைபோல் அமைந்த நூல் ஒன்று உண்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காஞ்சியில் இருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வடமொழியில் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனமே அது. 1917இல் கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரத்தில் அதனை அச்சேற்றினார். கேரளத்தில் கூடியாட்டக் கலைஞர் அதனை இன்றும் ஆடிவருகின்றனர்.

கதை சிறியது. சத்தியசோமன் என்னும் கபாலி, தன் துணைவி தேவசோமையுடன் கள்ளருந்தித் திரிகிறான். பிச்சை ஏற்கும் மண்டையோட்டைக் காணாது திகைக்கிறான். அவ்வழியே ஆடைக்குள் பாத்திரத்தை மறைத்துக்கொண்டு வருகிறான் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி. திருடன் இவனே எனக் கபாலி பற்றிக்கொள்கிறான். துறவி தன் பாத்திரத்தைக் காட்டியும் கபாலி ஒப்பவில்லை. நிறத்தை மாற்றிவிட்டான் என்று சாதிக்கிறான். நடுவே வந்த பாசுபதன் தீர்ப்புக் கூற முயல்கிறான். அவனுக்கோ கபாலியின்மேல் பழைய மனக்கசப்பு. இறுதியில் ஒரு பித்தன் வருகிறான். நாய் கவ்விச்சென்ற ஓடு அவன் கையில் இருக்கிறது. வழக்கு முடிகிறது.

நால்வகை நிலைக்களனும் இதில் பொருந்தி நிற்றல் காணலாம். எனினும் நூலின் உயிர்நிலை வேறோரிடத்தில் உள்ளது. வழக்கை நீதிமன்றத்திற்குக் கொண்டுசெல்வோம் எனப் பாசுபதன் கூற, தேவசோமை தயங்குகிறாள். விகாரங்களின் வருவாய் உடையவன் இத்துறவி; அவன் மன்றத்தாரின் வாயை நிரப்பிவிடுவான்; ஏழைகளாகிய நமக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பது அவள் பேச்சின் கருத்து. கள் மயக்கத்தினர் நிறைந்த அந்நாடகத்தில் தெளிந்த சொல் இதுவே. அதனை எழுதியவன் அம்மன்றங்களுக்கெல்லாம் தலைவனாகிய மன்னன்! தன் ஆட்சியில் கையூட்டு உண்டு என்னும் ஊர்ப்பேச்சை அரசனே மேடையேற்றியது அரிய செயல் அன்றோ?

அரியதுதான்; ஆயினும் அதன் எல்லையையும் குறிப்பிடல் வேண்டும். தேவசோமையின் சொல்லைப் பாசுபதன் உடனே மறுத்து, மன்றத்தார் நேர்மையாளர் எனப் பரிந்து பேசுகிறான். அம்மறுப்பு உண்மையா பொய்யா என்பது சோதிக்கப்படவே இல்லை. வழக்கு மன்றத்தின் வாயிலை மிதிக்குமுன் பித்தன் வந்துவிடுகிறான். நீதி நாயாலும் பித்தனாலும் கிடைத்தது, சட்டத்தால் அன்று. மன்னன் தன் மன்றத்தின் கறையைக் கண்டான், சிரித்தான், அதனைத் துடைக்கும் காட்சியை எழுதவில்லை. தன்னை நகும் பெருந்தன்மை அவனிடம் உண்டு. அந்நகை பழுதைத் திருத்தும் நகையா, பழுதோடு வாழப் பழக்கும் நகையா என்பது மட்டும் விடையின்றி நிற்கிறது.

சருகுமானின் தீர்ப்பு

அரசன் மேலிருந்து கண்டதைக் குடிமக்கள் கீழிருந்து கண்டனர். பல்லவ எழுத்திலமைந்த பௌத்த வாசகங்கள் கிடைத்த புஜாங் பள்ளத்தாக்கு கெடாவில்தான் உள்ளது. பழந்தொடர்புடைய இந்நாட்டில் மலாய் மக்கள் சொல்லிவரும் சாங் கஞ்சில் கதைகளில் சருகுமானே அறிவாளி. அதுவே சில வேளை நடுவர்.

மரத்தின் அடியில் சிக்கிய முதலையை எருமை மீட்கிறது. மீண்ட முதலை எருமையையே உண்ண முனைகிறது. ஆற்றில் மிதந்துவரும் கிழிந்த பாயும் பழங்கூடையும் சான்று கேட்கப்படுகின்றன. உழைத்த காலமெல்லாம் உழைத்தோம். தேய்ந்தபின் மனிதன் எங்களை எறிந்தான். நன்றிக்குத் தீமையே கைம்மாறு என அவை முதலையின் பக்கம் நிற்கின்றன. சருகுமானோ பேதைபோல் நடித்து, முன்பு நீ இருந்த நிலையைக் காட்டினாலன்றித் தீர்ப்புக் கூற இயலாது என்கிறது. முதலை மீண்டும் மரத்தடியில் புகுகிறது. கதை முடிகிறது. கூண்டிலிருந்து விடுபட்ட புலியை மீண்டும் கூண்டில் அடைத்த நரியின் கதையாகத் தமிழ்ப் பாட்டிமாரும் இதனைச் சொல்வர்.

இக்கதையின் நுட்பம் யாதெனின், பாயும் கூடையும் சொன்ன சான்று பொய்யன்று. மனித இயல்பைப் பற்றி அவை கூறியது முழு உண்மை. சருகுமான் அதனை மறுக்கவுமில்லை. உண்மையான சான்றினாலேயே அநீதியான தீர்ப்பு வரவிருந்தது. அதனைத் தடுத்தது அறவுரை அன்று. நேரில் காட்டு என்னும் வழக்கு முறையே ஆகும். வலியவனையும் முறைக்கு உட்படுத்தும்போது எளியவன் பிழைக்கிறான். கேட்போர் சிரிப்பது அதனால்தான்.

இங்கும் ஒரு குறை உண்டு. எருமை ஒன்று பிழைத்தது, எருமைக்குலம் பிழைக்கவில்லை. அடுத்த முதலைக்கு அடுத்த சருகுமான் வருமா என்பதற்கு உறுதியில்லை. சூழ்ச்சி ஒருநாளைக் காக்கும். நாள்தோறும் காக்கவல்லது சட்டம் ஒன்றே.

நகைக்க இயலாத சட்டம்

இவ்விரு நகைகளையும் உரைத்துப் பார்க்கும் கல்லாகத் தோட்டவாழ்வு அமைந்தது. துரையைக் கண்டால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்பது ஆங்கிலேயர் காலத்துத் தோட்டங்களில் நிலவிய எழுதாச் சட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இவ்வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். இன்று படிப்போர்க்கு இவ்விதி நகைப்பிற்குரியது. அன்று இறங்கி நின்றவனுக்கு அது நகையன்று, அவமானம். பயம் உள்ள இடத்தில் எள்ளல் பிறவாது. பிறந்தாலும் லயத்து வீட்டின் கதவுக்கு வெளியே வாராது.

கெடாவின் கதை இதனினும் கூர்மையானது. தோட்டத்துக் கள்ளுக்கடை சட்டத்தின் அனுமதி பெற்றே நடந்தது. மாலையில் தள்ளாடி வருபவனைக் கண்டு சிரிப்பதும் வழக்கமாயிருந்தது. காஞ்சியின் கபாலி தொடங்கித் தமிழ் நாடகமேடையும் திரையும் வரை, குடியன் நகைப் பாத்திரமே. ஆனால் போருக்குப்பின் கெடா தோட்டங்களில் எழுந்த தொண்டர் படை இளைஞர் அச்சிரிப்பில் சேரவில்லை. கூலியை விழுங்குவது கள் என்றும், குடிப்பவனைப் பழித்துவிட்டுக் கடைக்கு அனுமதி தருவது முறையன்று என்றும் அவர்கள் கருதினர். 1947 பிப்ரவரியில் பீடோங் அருகே கள்ளுக்கடை எதிர்ப்பு மறியல் மோதலாக முடிந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். ஹார்வர்ட் தோட்டத்தைச் சார்ந்து இயக்கத்தை நடத்திய ஏ. எம். சாமி சிறைப்பட்டார்.

அவ்விளைஞர் செய்த மாற்றம் நுண்ணியது. குடியனை நோக்கிய விரலைக் கடையை நோக்கித் திருப்பினர். பேதைமையைக் கண்டு நகுதல் எளிது. பேதைமையை விற்பனைப் பொருளாக்கிய சட்டத்தைக் கண்டு கேள்வி கேட்டல் அரிது. மகேந்திரவர்மனின் நாடகத்தில் கள்ளுக்கடை கபாலிக்கு வேள்விச்சாலையாகத் தோன்றுகிறது. அக்கடையின் வருவாய் யாருக்குச் சென்றது என்று அந்நாடகத்தில் எவரும் கேட்பதில்லை. பீடோங்கில் கேட்டார்கள்.

இதனால் நகை பயனற்றது என்பது முடிபன்று. மத்தவிலாசம் இல்லையேல் ஏழாம் நூற்றாண்டில் ஏழைப்பெண் ஒருத்தி மன்றத்தைப் பற்றி நினைத்தது இன்று தெரிந்திராது. சருகுமான் இல்லையேல் வலியவனும் முறைக்கு அடங்கவேண்டும் என்னும் எண்ணம் குழந்தையின் நெஞ்சில் ஊன்றியிராது. நகை பழுதைக் காட்டும் விளக்கு; பழுது பார்க்கும் கை அன்று. விளக்கை ஏந்தி நின்றதோடு கடமை முடிந்தது எனக் கொள்வோர் மன்னனாயினும் குடியாயினும் பாதி வழியில் நின்றவரே ஆவர்.

தன்னை எள்ளுவாரைப் பொறுக்கும் சட்டம் திருந்தும். பொறுக்காத சட்டம் அச்சத்தால் மட்டும் நிற்கும். எளியவனைக் கண்டு மட்டும் சிரிக்கும் சமுதாயமோ, தன் சட்டத்தைத் திருத்தும் வாய்ப்பைத் தானே இழந்துவிடும். நாடகத்தைப் பார்த்தாலும் கதையைக் கேட்டாலும், சிரித்து முடித்தபின் இச்சிரிப்பு யார்மேல் விழுந்தது என்று ஒருகணம் எண்ணிப் பார்த்தல் நன்று.