சந்திரசேகரனின் சாதாரண நாட்கள் – 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை முன்வைத்து

1

மதுரை மாணவர்கள் என்றதும் வரலாற்றுக்கு முதலில் ஞாபகம் வருவது 1965 ஜனவரி 25. இந்தி எதிர்ப்பு ஊர்வலம் போன மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் வடக்கு மாசி வீதியில் கட்சி அலுவலகம் பக்கம் மோதல் நடந்தது. அங்கே பற்றிய தீ மாநிலம் முழுக்கப் பரவியது. இரண்டே வருடத்தில், 1967ல், ஆட்சி மாறியது. அதற்கப்புறம் ஞாபகம் வருவது 2017 ஜனவரி. அலங்காநல்லூரில் உட்கார்ந்தார்கள், தமுக்கத்தில் கூடினார்கள், செல்லூரில் ரயிலை மறித்தார்கள்.

சரி, 1965 ஜனவரி 24 அன்றைக்கு அந்தப் பையன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எந்தப் படத்துக்குப் போவதாகப் பேசினார்கள், எந்த வாத்தியாரைக் கிண்டல் செய்தார்கள், யாரிடம் கைமாத்து வாங்கினார்கள்? மறுநாள் தன் உடம்பில் கல் விழும் என்று தெரியாத ஒருத்தனுக்கு இந்தியைப் பற்றி உண்மையில் என்ன கருத்து இருந்தது? இருந்ததா?

நான் பார்க்கும் வேலையில் இதற்கு ஒரு சின்ன உதாரணம் உண்டு. சர்வர் ஓடும்போது எல்லாவற்றையும் லாகில் எழுதிக்கொண்டே இருக்கும். இவர் உள்ளே வந்தார், இந்தப் பக்கத்தைத் திறந்தார், போனார். இடம் அடைக்கிறது என்று இதையெல்லாம் சில நாட்களில் அழித்துவிடுவோம். எரர் வரிகளை மட்டும் பத்திரமாக வைத்திருப்போம். ஆனால் என்றைக்காவது சிஸ்டம் விழுந்தால், ஏன் விழுந்தது என்பது எரர் வரியில் இருக்காது. அதற்கு முந்தைய இருநூறு சாதாரண வரிகளில்தான் இருக்கும்.

வரலாறு எரர் வரிகளைச் சேமிக்கிறது. அந்த இருநூறு வரிகள் நாவலின் பொறுப்பு. தமிழில் ஒரு கல்லூரி மாணவனை அந்தப் பொறுப்போடு எழுதிய நாவல் எது என்று கேட்டால், நான் தயங்காமல் சொல்வது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977ல் வந்தது. மதுரையைப் பற்றியதல்ல. செகந்திராபாத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பையனைப் பற்றியது. ஆனால் பரவையிலிருந்து விளாங்குடி, ஆரப்பாளையம் வழியாகப் பெரியார் நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் தொங்குகிற எந்தப் பையனையும் அதைவிட நன்றாகச் சொன்ன புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

2

தமிழ் நாவலில் மாணவனே இல்லையா என்றால், நிறையவே இருக்கிறான். பெரும்பாலும் அவன் இன்னொன்றாக ஆவதற்காக அங்கே இருக்கிறான். 'மோகமுள்' பாபு கும்பகோணத்தில் கல்லூரியில்தான் படிக்கிறான். ஆனால் பாடப்புத்தகம் அந்த நாவலுக்கு ஒரு பொருட்டே இல்லை. சங்கீதமும் யமுனாவும்தான் அவனுடைய பல்கலைக்கழகம்.

மு.வ.வின் 'அகல்விளக்கு' வேறு வகை. 1961ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். அழகும் அறிவும் உள்ள சந்திரன் கெட்டுப்போகிறான், அடக்கமான வேலய்யன் நிலைத்து நிற்கிறான். எந்த விளக்கு எவ்வளவு நேரம் எரியும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. அதில் மாணவப் பருவம் ஒரு பரீட்சை ஹால் மாதிரி. ஒவ்வொரு ஆசைக்கும் மார்க் உண்டு, ஒவ்வொரு சறுக்கலுக்கும் பின்னால் தண்டனை உண்டு. மு.வ.வை இதற்காகக் கிண்டல் செய்வது இன்றைக்குச் சுலபம். முதல் தலைமுறையாகக் காலேஜுக்குள் வந்த எத்தனையோ பேருக்கு, 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று கடித வடிவில் புத்தகம் எழுதிய ஒரு பேராசிரியர் உண்மையிலேயே அண்ணன் மாதிரி இருந்திருக்கிறார். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாதவனுக்கு அறிவுரை ஒரு சொத்து. பரவையில் நின்று பார்த்தால், வைகைக்கு அந்தப் பக்கம் நாகமலை அடிவாரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கு 1971 முதல் 1974 வரை துணைவேந்தராக இருந்தவர் அவர்தான்.

ஆனால் அந்த நாவலில் ஒரு மாணவன் சும்மா இருக்க முடியாது. ஒரு கருத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வாரம் மறந்துபோக முடியாது. எதைச் சொன்னாலும் அது அவனுடைய குணத்துக்குச் சாட்சியாகிவிடும். எனக்கு அதில் மூச்சு முட்டுவது அதனால்தான்.

3

அசோகமித்திரனின் சந்திரசேகரனுக்கு அந்தச் சுமை இல்லை. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிழைப்பு வேறு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. குடியிருப்பது லான்சர் பாரக்ஸில். பக்கத்தில் முஸ்லிம் குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அவனுக்கு கிரிக்கெட் பிடிக்கும், சைக்கிள் இருக்கிறது, காலேஜ் இருக்கிறது. காலம் 1947-48. நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது. நிஜாமின் ஹைதராபாத் மட்டும் சேரவில்லை. ரஜாக்கர்கள் அணிவகுக்கிறார்கள். கல்லூரியைப் புறக்கணிக்கச் சொல்லி அழைப்பு வருகிறது. 1948 ஜனவரி 30ல் காந்தி கொல்லப்படுகிறார். செப்டம்பர் 13ல் இந்திய ராணுவம் உள்ளே நுழைகிறது. 17ஆம் தேதி நிஜாம் பணிகிறார்.

இவ்வளவு பெரிய சரித்திரம் நடுவில் ஓடும்போது இந்தப் பையன் மனதில் என்ன ஓடுகிறது? பந்து எப்படி வீசுவது, யார் டீமில் இருப்பார்கள், யார் தன்னை அவமானப்படுத்தினார்கள், யார் வீட்டுப் பெண் திரும்பிப் பார்த்தாள். அரசியல் அவனிடம் கருத்தாக வருவதில்லை. நேற்று வரை சேர்ந்து விளையாடியவன் இன்றைக்கு வேறு மாதிரி பேசுகிறான் என்கிற சின்ன நெருடலாக வருகிறது. புறக்கணிப்பில் அவன் முழு நம்பிக்கையோடு குதிப்பதும் இல்லை, துணிந்து விலகி நிற்பதும் இல்லை. கூட இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவனுடைய பெரிய கொள்கை. இதை அசோகமித்திரன் கேலி செய்யவில்லை, பரிதாபப்படவும் இல்லை. பதினேழு, பதினெட்டு வயதில் கருத்து இப்படித்தான் உருவாகும், பாதி நண்பர்களிடமிருந்து, பாதி பயத்திலிருந்து என்று அவருக்குத் தெரியும். அவரே 1931ல் செகந்திராபாத்தில் பிறந்தவர். அந்த வருடங்களில் அவருக்கும் கிட்டத்தட்ட அதே வயது.

நாவலின் சொல்முறையும் இதற்கு உதவுகிறது. சில இடங்களில் 'நான்' என்று பேசுகிறது, சில இடங்களில் 'சந்திரசேகரன்' என்று தள்ளி நின்று சொல்கிறது. முதல் தடவை படிக்கிறவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். ஏன் மாறுகிறது, எங்கே மாறுகிறது என்று விதி கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த வயதில் நமக்கு நாமே அப்படித்தான் இருப்போம். ஒரு நிமிடம் உள்ளிருந்து வாழ்வோம், அடுத்த நிமிடம் யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்று வெளியே நின்று நம்மையே பார்ப்போம். கண்ணாடி முன்னால் தலை வாருகிறவனும் கண்ணாடிக்குள் இருப்பவனும் மாறி மாறிப் பேசுவது போல.

4

இங்கே ஒரு நண்பன் கேட்ட கேள்வியை ஒதுக்க முடியாது. அவன் பரவைக்காரன், நல்ல வாசகன். "மாப்ள, கருத்து இல்லாம சும்மா திரியுறதுக்கே ஒரு வசதி வேணும்டா. ரயில்வே குவாட்டர்ஸ் பையனுக்கு அது இருந்துச்சு. நம்ம பயலுகளுக்கு எங்க இருக்கு?" என்றான்.

நியாயமான கேள்வி. காலையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வகுப்புக்குப் போகிறவனின் அன்றாடம் வேறு. பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தது. அதில் கல்லூரி நாட்களைப் பற்றி ஒரு இடம் வரும். கடைசி வருட விருந்துக்கு எல்லோரும் பட்டுப்புடவையில் வருகிறார்கள். அவரிடம் அப்படி ஒரு புடவை இல்லை. விருந்து முடியும்வரை குளியலறையில் ஒளிந்துகொள்கிறார். இதுவும் மாணவ வாழ்க்கையின் ஒரு சாதாரண நாள்தான். மற்ற மாணவிகளுக்கு 'என்ன கலர் புடவை' என்பது போகிற போக்கில் ஒரு பேச்சு. அவருக்கு அதே பேச்சு ஒரு தாழ்ப்பாள் போட்ட கதவு. பெருமாள்முருகன் தொகுத்த 'சாதியும் நானும்' (2013) நூலில் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் எழுதிய கட்டுரைகளிலும் இதைப் பார்க்கலாம். யார் வீட்டில் தண்ணீர் குடித்தோம், எந்தத் தம்ளரில் குடித்தோம் என்பதெல்லாம் அங்கே பெரிய நிகழ்ச்சி.

அப்படியானால் 'பதினெட்டாவது அட்சக்கோடு' ஒரு வசதியான பையனின் நோட்டுப்புத்தகம் மட்டும்தானா? கடைசி அத்தியாயம் இல்லாவிட்டால் நான் 'ஆமாம்' என்றுதான் சொல்லியிருப்பேன்.

5

நாவலைப் படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். ஆனால் இதைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றிப் பேச முடியாது.

நிஜாம் ஆட்சி முடிந்து ஊர் கலவரத்தில் இருக்கிறது. இப்போது அடி வாங்குவது முஸ்லிம்கள். ஓடுகிற ஓட்டத்தில் சந்திரசேகரன் ஒரு எளிய முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் போய் விழுகிறான். அங்கே இருப்பவர்கள் அவனைப் பார்த்து நடுங்குகிறார்கள். அந்த வீட்டுப் பெண், ஏறக்குறைய அவன் வயதுதான், மற்றவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் உடையைக் களைந்து அவன் முன்னால் வந்து நிற்கிறாள். அவன் குமட்டிக்கொண்டு ஓடுகிறான். நாவல் முடிகிறது.

இந்த முடிவைப் பலர் 'அவன் வயதுக்கு வந்த கணம்' என்று படித்திருக்கிறார்கள். எனக்கு அந்த வாசிப்பு போதவில்லை. பெண்ணியக் கோணத்தில் இதை எதிர்ப்பவர்களின் கேள்வி இன்னும் கூர்மையானது: ஒரு ஆண் முதிர்ச்சி அடைவதற்கு ஒரு பெயரில்லாத பெண் ஆடை களைய வேண்டுமா? அவளுக்கு என்ன பிடிக்கும், அவள் எங்காவது படித்தாளா, நேற்று மத்தியானம் யாரோடு சண்டை போட்டாள் என்று ஒரு வரி கூட நாவலில் இல்லையே?

இல்லைதான். ஆனால் இருநூறு பக்கம் அந்தப் பையனின் அற்ப விஷயங்களையே கேட்டுவிட்டு வந்து இங்கே நிற்கும்போது, அந்த இல்லாமை நம்மைச் சுடுகிறது. அவனுடைய கிரிக்கெட், சைக்கிள், மாறிக்கொண்டே இருந்த கருத்துகள், எதிலும் முழுசாகச் சேராத தயக்கம் எல்லாம் நமக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அவன் சுவர் தாண்டி வந்த ஒரு இந்து ஆண். அவ்வளவுதான். 'எனக்கு இதில் ஒரு கருத்தும் இல்லை' என்று அவன் சத்தியம் செய்தாலும் அந்த அறையில் அதற்கு மதிப்பில்லை. அவன் எந்தப் பக்கமும் போகவில்லை. ஒரு பக்கம் அவன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அவன் குமட்டியது தன் வெகுளித்தனம் போய்விட்டதே என்றல்ல. அந்தப் பெண்ணின் கண்ணில் தான் யார் என்று பார்த்துவிட்டதால்.

அசோகமித்திரன் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பத்துப் பக்கம் கொடுத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு. கொடுத்திருந்தால் வேறொரு நாவல் வந்திருக்கும், ஒருவேளை இதைவிடப் பெரிய நாவல். ஆனால் கொடுக்காததை அவர் மறைக்கவில்லை. சாதாரண நாட்கள் யாருக்கெல்லாம் வாய்க்கின்றன, யாருக்கு வாய்ப்பதில்லை என்பதை அந்த ஒரு காட்சியில் நம் முகத்துக்கு நேரே வைத்துவிட்டார். நண்பன் கேட்ட கேள்வியை நாவலே கடைசியில் கேட்டுவிடுகிறது.

6

இன்றைக்கு இந்த நாவலை நீங்கள் ஏன் படிக்க வேண்டும்?

சந்திரசேகரனின் கருத்துகள் காற்றில் போயின. உங்களுடையவை போகாது. பத்தொன்பது வயதில் ஒரு நடிகருக்காகவோ ஒரு சாதித் தலைவரின் குருபூஜைக்காகவோ உணர்ச்சிவசப்பட்டுப் போட்ட ஒரு ஸ்டேட்டஸை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள். ஐந்து வருடம் கழித்து வேலைக்கு எடுக்கிறவர் பார்க்கலாம், பெண் வீட்டார் பார்க்கலாம். அதனால் இன்றைய மாணவனுக்கு இரண்டே வழிதான் விடப்பட்டிருக்கிறது: ஒன்று, எதைப் பற்றியும் வாய் திறக்காமல் இருப்பது, இல்லையென்றால், போகிற போக்கில் சொன்ன ஒன்றையே சாகும்வரை கட்டிக்கொண்டு அழுவது. மு.வ.வின் பரீட்சை ஹால் இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. ஒரே வித்தியாசம், அங்கே மார்க் போட்டது அன்பான ஒரு ஆசிரியர்.

கருத்து மாறுவதற்கு இடம் வேண்டும். தப்பாகச் சொல்லி, நண்பனிடம் திட்டு வாங்கி, ராத்திரி படுத்து யோசித்து, காலையில் வேறொன்று சொல்ல ஒரு இடம். அந்த இடத்துக்கு ஒரு காலத்தில் கல்லூரி என்று பெயர். 2021ல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. பரவையிலும் விளாங்குடியிலும் ஏறி இறங்குகிற மாணவிகள் முன்பக்கம் நின்று என்னவெல்லாமோ பேசிச் சிரிக்கிறார்கள். அந்தப் பேச்சு எங்கும் பதிவாவதில்லை. பதிவாகாததால்தான் அவ்வளவு சுதந்திரமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு அசோகமித்திரன் கொடுக்காத பக்கங்கள் அங்கேதான் இருக்கின்றன. அவர்களில் ஒருத்தி உட்கார்ந்து எழுதினால் ஒழிய நமக்குக் கிடைக்காது.

அப்படி எழுத நினைக்கிறவர்களுக்கு 'பதினெட்டாவது அட்சக்கோடு' நல்ல துணை. போராட்ட நாளில் தொடங்காதீர்கள். அதற்கு முந்தின நாளில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நம்மை யார் என்று நினைக்கிறார் என்று நமக்குத் தெரியாமல் இருந்த அந்த நாளில்.