புள்ளி ஒன்பது

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் கிரியாட்டினின் 0.9 என்றிருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் அச்சிட்ட அளவுக்குள்தானே இருக்கிறது! ஏழு மாதக் கர்ப்பிணியின் சீட்டென்றால், அந்த 0.9 என்னை மறுபடி பார்க்க வைக்கும்.

கர்ப்பத்தில் சிறுநீரகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ரத்தத்தை வடிகட்டுகிறது. அதனால் கிரியாட்டினின் 0.5, 0.6 என்று இறங்கிவிடும். ஹீமோகுளோபினும் இறங்கும். சிவப்பணுக்கள் கூடுவதைவிட ரத்தத்தின் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுகிறது, 40, 50 சதவீதம் வரை. விருந்தாளி வந்துவிட்டால் ரசத்தை விளாவுவோமே, அதேதான்.

நான் சொக்கிப்போவது புரொஜெஸ்டிரோனிடம். உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோன் இந்த மாதங்களில் பல மடங்கு ஏறுகிறது. மற்ற நேரமென்றால் பி.பி. எகிறியிருக்கும். இப்போதோ ஆல்டோஸ்டீரோன் உட்கார வேண்டிய இடத்தில் புரொஜெஸ்டிரோன் துண்டு போட்டு வைத்திருக்கிறது! இரண்டுக்கும் அப்படியொரு சாயல். உப்பு அளவோடு தங்குகிறது, ரத்தம் பெருகுகிறது, நடு மாதங்களில் பி.பி. கொஞ்சம் தணியக்கூடச் செய்கிறது.

ஈஸ்ட்ரோஜன் கதை இன்னும் சுவை. நஞ்சுக்கொடியால் அதைத் தனியே செய்ய முடியாது. தாயின், குழந்தையின் அட்ரினல் சுரப்பிகள் தரும் ஆண்வகை ஹார்மோனை வாங்கி, அரோமட்டேஸ் என்ற நொதியால் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. கர்ப்பத்தில் பி.பி. எகிறும் முன்சூல்வலிப்பு நோய் கண்ட தாய்மாரிடம் டெஸ்டோஸ்டிரோன் கூடியிருந்ததைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாற்றும் இடத்தில் எங்கோ சுணக்கமோ என்று ஓர் ஐயம்.

இந்நோயில் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரிவரப் போவதில்லை. அது எஸ்-ஃப்ளிட் என்ற புரதத்தை அளவு மீறிக் கொட்டுகிறது என்று 2003இல் அனந்த் கருமஞ்சி குழுவினர் காட்டினார்கள். ரத்தக் குழாய்களைத் தளர்வாக வைக்கும் காரணிகளை எஸ்-ஃப்ளிட் கவ்விக்கொள்ள, குழாய்கள் இறுகுகின்றன. நீர் வெளியே கசிந்து காலில் நிற்கிறது. யூரிக் அமிலம் ஏறுகிறது. விளாவ வேண்டிய ரத்தம் கெட்டியாகவே ஓடுகிறது. ஹீமோகுளோபின் 13! பிள்ளைத்தாய்ச்சிக்கு நல்ல ரத்தம் என்று வீட்டில் மெச்சிக்கொள்வார்கள்.

சிறுநீரைச் சோதித்துவிட்டு, "உப்பு இருக்கும்மா" என்பது நம் ஊர் வழக்கம். அங்கே ஒழுகுவது உப்பல்ல, ஆல்புமின் என்ற புரதம். உப்பைத்தான் இத்தனை நாளும் புரொஜெஸ்டிரோன் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.