ஒரே பெயர், மூன்று பல்கலைக்கழகங்கள்

மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனித் தரவரிசையை மத்திய அரசின் தரவரிசை அமைப்பான என்.ஐ.ஆர்.எஃப். முதன்முதலாக வெளியிட்டது 2024இல். அதில் அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இரண்டாமிடம். மறு ஆண்டே இரண்டும் இடம் மாறிக்கொண்டன. பன்னிரண்டு மாதங்களில் அண்ணாவின் கிண்டி வளாகத்தில் கற்பித்தல் தாழ்ந்ததா, ஜாதவ்பூரில் உயர்ந்ததா? எதுவும் பெரிதாக மாறியிருக்காது. ஆனாலும் அந்த ஓர் எண் தலைப்புச் செய்தியாகிறது, விளம்பரமாகிறது, ஒரு மாணவியின் விண்ணப்பம் எங்கே போக வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. பல்கலைக்கழகங்களை இப்படி ஒப்பிடும் வழக்கம் எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே தவறுகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் நன்மை. 2016இல் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வருவதற்கு முன், ஒரு பல்கலைக்கழகத்தின் மதிப்பு பெரும்பாலும் செவிவழிச் செய்தியாகவே இருந்தது. படித்த உறவினர் உள்ள வீட்டுக்கு அந்தச் செய்தி கிடைத்தது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. கற்பித்தலுக்கும் வளங்களுக்கும் 30 விழுக்காடு, ஆய்வுக்கு 30, மாணவர்கள் படித்து முடித்து அடையும் பயனுக்கு 20, அனைவரையும் உள்ளடக்கும் தன்மைக்கு 10, வெளியுலகின் மதிப்பீட்டுக்கு 10 என்று பிரித்து அளக்கும்போது, ஆசிரியர் எண்ணிக்கையும் செலவும் மாணவர் விவரமும் பொதுவெளிக்கு வந்தாக வேண்டும். சிறு நகரங்களின் உழைப்பும் கண்ணில் படுகிறது. 1985இல் தொடங்கிய காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம், தன்னைவிட மூத்த மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைப் பல ஆண்டுகளில் பட்டியலில் முந்தியது. ஊர்ப் பேச்சை மட்டும் நம்பியிருந்தால் இது வெளியே தெரிந்திருக்காது. ஒப்பீடே வேண்டாம் என்பவர்கள், தகவல் யாரிடம் தேங்கிக் கிடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் அளக்கப்படும் பொருள் எது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒரு பெயரில் இயங்கும் மூன்று நிறுவனங்கள்: தன் வளாகத் துறைகளில் ஆய்வு செய்யும் நிறுவனம், இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும் நிறுவனம், அஞ்சல்வழியில் பட்டம் தரும் நிறுவனம். மூன்றின் இயல்பும் வேறு, தரமும் வேறு.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1857இல் லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கியபோது, தேர்வு நடத்துவதும் பட்டம் வழங்குவதும்தான் அதன் வேலை. கற்பிக்கும் துறைகள் இருபதாம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றன. இராமானுஜனுக்கு 1913இல் ஆய்வு உதவித்தொகை தந்தது அந்தப் பல்கலைக்கழகம். ஜி.என். இராமச்சந்திரன் 1950களில் அங்கே இயற்பியல் துறையைக் கட்டியெழுப்பினார். கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954இலும், இன்று உலகெங்கும் உயிர் வேதியியல் பாடநூல்களில் உள்ள இராமச்சந்திரன் வரைபடத்தை 1963இலும் தந்தது அந்தத் துறை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் புகழில் பெரும்பங்கு இப்படிச் சில துறைகள் ஈட்டியது. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் துறைகளின் வாசலை மிதித்தவர்கள் அல்லர். அவர்கள் கல்லூரிகளில் படித்தவர்கள். மாநிலக் கல்லூரிக்கும் லயோலாவுக்கும் கிறித்தவக் கல்லூரிக்கும் உள்ள நற்பெயர் அந்தந்தக் கல்லூரிகளே சம்பாதித்தது.

அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதலிய நான்கு வளாக நிறுவனங்களை இணைத்து 1978இல் அது உருவானது. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன் இணைப்புக்குள் கொண்டுவரப்பட்டன. பின்னர் அதைப் பல பல்கலைக்கழகங்களாகப் பிரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே மறுபடி ஒன்றாக்கினார்கள். இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதன் கீழ் உள்ளன. ஆனால் தரவரிசை கணக்கில் கொள்வது பல்கலைக்கழகம் நேரடியாக நடத்தும் பகுதியை மட்டுமே. இருநூறுக்கு நெருக்கமான கட்-ஆஃப் இல்லாமல் பல பிரிவுகளில் நுழைய முடியாத கிண்டி வளாகத்தின் சிறப்பு, இடங்களை நிரப்பவே திணறும் ஒரு சுயநிதிக் கல்லூரியின் விளம்பரப் பலகையில் ஏறி நிற்கிறது. இரண்டு இடத்து மாணவர்களின் பட்டத்திலும் ஒரே முத்திரை. ஆனால் பட்டியலில் உள்ள முதலிடமோ இரண்டாமிடமோ அந்தக் கல்லூரி மாணவரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

மூன்றாவது முகமான அஞ்சல்வழிக் கல்வியை இழிவாகப் பேசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. இன்றைய மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1970களின் தொடக்கத்திலேயே இதில் இறங்கியது. வேலைக்குப் போய்க்கொண்டே படித்த ஆசிரியர்கள், எழுத்தர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த பெண்கள் என்று எத்தனையோ பேருக்கு அது கதவு திறந்தது. கெடுதல் நேர்ந்தது வேறிடத்தில்: அந்த வருமானத்தை நம்பியே பல்கலைக்கழகம் நடக்கும் நிலை வந்தபோது. 1929இல் சிதம்பரத்தில் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தோன்றிய அண்ணாமலை, தொலைநிலைக் கல்வியில் பெரிதாக விரிந்து, கடும் நிதி நெருக்கடியில் விழுந்து, 2013இல் அரசின் கைக்கு வந்தது. அதே பல்கலைக்கழகத்துக்குத்தான் பரங்கிப்பேட்டையில் நாடறிந்த கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. ‘அண்ணாமலை எப்படி?’ என்ற கேள்விக்கு ஒரே விடை எப்படித் தர முடியும்?

அளவுகோலிலும் குறைகள் உண்டு. ஆய்வை எடைபோடுவதற்கு, பன்னாட்டுத் தரவுத்தளங்களில் பதிவாகும் கட்டுரைகளும் மேற்கோள்களுமே முதன்மையாகக் கொள்ளப்படுகின்றன. தமிழில் எழுதப்படும் ஆய்வு அவற்றில் அநேகமாக இடம்பெறுவதில்லை. 1981இல் தஞ்சையில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் ஓலைச்சுவடிகளைக் காத்தது, கலைக்களஞ்சியங்கள் வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1920களிலும் 30களிலும் வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை விஞ்சிய பணி நம் பல்கலைக்கழக வரலாற்றில் குறைவு. இப்படிப்பட்ட வேலைக்கு மதிப்பெண் தராத அளவுகோலை நம்பினால், துணைவேந்தர்கள் அந்த வேலைக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். அளக்கும் முறை நாளடைவில் அளக்கப்படும் பல்கலைக்கழகத்தின் இயல்பையே மாற்றிவிடும்.

நிர்வாக நலத்தையும் இந்த மதிப்பெண்கள் காட்டுவதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 2023இல், உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தகுதிச் சான்று தரும் நாக் அமைப்பின் மிக உயர்ந்த ‘ஏ பிளஸ் பிளஸ்’ தகுதியைப் பெற்றது. அந்த ஆண்டு ஆகஸ்டுக்குப் பிறகு அதன் துணைவேந்தர் பதவி நெடுங்காலம் காலியாகக் கிடந்தது. 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை அதன் வங்கிக் கணக்குகளை முடக்கியது. மாணவர் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் இந்த நெருக்கடியின் நிழல்கூட அந்தத் தகுதிச் சான்றில் இல்லை. 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்சக் குற்றச்சாட்டில் சிபிஐ கைது செய்தது. தகுதிச் சான்றை அப்படியே நம்புவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆகவே ஒப்பீட்டைக் கைவிட வேண்டியதில்லை. அது இறங்கி வர வேண்டும். பல்கலைக்கழகம் என்ற பெயரிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து துறைக்கும் வர வேண்டும். இதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைக் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. கலந்தாய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு எந்த அகில இந்தியப் பட்டியலையும்விட அது அதிகம் பயன்படுகிறது. இதே வெளிப்படைத்தன்மை கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் வளாகத் துறைகளுக்கும் வேண்டும். ஒரு துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டும் வகுப்புகள் எத்தனை, தேர்வு முடிவு எத்தனை வாரத்தில் வருகிறது, சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், முடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்: இந்த ஐந்து விவரங்களையும் ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் தமிழில் வெளியிட வேண்டும் என்று அரசு ஆணையிடலாம். புதிதாக எதையும் அளக்க வேண்டியதில்லை. இவை எல்லாம் பல்கலைக்கழகக் கோப்புகளிலேயே உள்ளவை.

பழம்பெருமை ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூலதனம்தான். ஆனால் இராமச்சந்திரனின் பெயரைச் சொல்லி இன்றைய காலிப் பணியிடங்களை மூட முடியாது. தரவரிசை எண்ணைக் காட்டியும் மூட முடியாது. மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம், தன் பட்டத்தை வாங்கும் கடைசிக் கல்லூரியின் மாணவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டது. அந்தப் பதிலைக் கேட்டு வாங்கித் தருகிற ஒப்பீடுதான் நமக்குத் தேவை.