பனிக்கரடியின் பேறுகால அறை

பி.பி.சி. 2011-இல் ஒளிபரப்பிய ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரின் ஏழு பகுதிகளையும் மீண்டும் கண்டோம். கொலைத் திமிங்கிலங்கள் அணிவகுத்து நீந்தி, அலையெழுப்பி, பனிப்பாளத்தின் மீதிருந்த கடல்நாயை நீரில் வீழ்த்தும் காட்சி ஒன்றே போதும், அத்தொடரின் பெருமைக்கு.

ஆயினும் ஒரு காட்சி உறுத்துகின்றது. ஆர்க்டிக் பனிச்சரிவைக் காட்டிய படக்கருவி, அதனடியில் தாய்க்கரடி குட்டிகளை ஈன்று அணைத்துக் கிடக்கும் பொந்தினுள் புகுகின்றது. காண்போர் இரண்டும் ஒரே நிலமென்றே கொள்வர். அப்பொந்தோ நெதர்லாந்து நாட்டு மிருகக்காட்சிசாலை ஒன்றில் அமைக்கப்பெற்றது!

பனிவெளியில் அவ்வாறு படமெடுக்கப் புகுந்தால் குட்டிகளுக்கும் படப்பிடிப்பாளருக்கும் உயிராபத்து என்பது நியாயமே. உண்மையை இணையத்தில் அவர்களே வெளியிட்டிருந்தனர் என்பதையும் மறைக்க மாட்டோம். ஆனால், தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் காட்சியின் சூழல் கலைந்துவிடும் என்றார், வருணனையாளர் டேவிட் அட்டன்பரோ. கதைப்படத்திற்கு அவ்விடை பொருந்தும். அறிவியற் படத்திலோ, பார்ப்பவர் தம் கண்களையே அமானிதமாக ஒப்படைத்திருக்கின்றார். (விலங்குகளின் காலடியோசையைப் பின்னர்க் கலையகத்தில் சேர்ப்பதும் இவ்வினத்ததே, அது தனிக்கதை.)

இப்பகுதி மிருகக்காட்சிசாலையில் எடுக்கப்பெற்றது என ஒரு வரி சொல்ல ஐந்து நொடி ஆகுமா? அதைக் கேட்ட பின்னரும், கண் திறவாத அக்குட்டிகளை இதே வியப்புடன்தான் பார்த்திருப்போம்.