இளைய ராணியின் இடது கை

அருள்புரத்து பனியன் கம்பெனிகளில் செக்கிங் பார்க்கும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? பீஸ் கைக்கு வந்தால் டிசைனை ரசிக்கமாட்டார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று கண் நேரே அங்கே போய் நிற்கும். சில பழைய ஓவியங்களையும் இப்படித்தான் பார்க்கவேண்டும். உதாரணம், மைசூர் அரசிகள். (அன்னியரில்லை. கோவைப் பக்கமும் 1799 வரை மைசூர் சீமைதான்.)

1805-ல் தாமஸ் ஹிக்கி வரைந்த தைல வண்ண ஓவியம். ஹிக்கி டப்ளினில் பிறந்து சென்னையில் 1824-ல் இறந்தவர். படத்தில் மூன்று பெண்கள். நகைக்குக் குறைவில்லை. அதையெல்லாம் விட்டுவிட்டு வலது ஓரத்துச் சின்னப் பெண்ணைப் பாருங்கள். சேலை மூடியிருக்கவேண்டிய இடது கை வெளியே தெரிகிறது. அதைச் சுட்டிக்காட்டுகிறாள்.

ரொம்ப காலம் இவர்களை நாட்டியக்காரிகள், தாசிகள் என்றே நினைத்திருந்தார்கள். பெண்ணின் சேலை கொஞ்சம் விலகினால் தீர்ப்புச் சொல்ல நமக்கு எத்தனை அவசரம்!

வரலாற்றாய்வாளர் நைஜல் சான்ஸலர் வேறு மாதிரி பார்த்தார். அந்தச் சின்னப் பெண் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளைய ராணி தேவஜம்மணி, வயது 12. காட்டுவது, பெரியம்மைத் தடுப்பூசி குத்திய இடத்தை. இடது ஓரத்தில் மூத்த ராணி; அவர் பெயரும் தேவஜம்மணிதான். மூக்குக்குக் கீழே, வாயைச் சுற்றி, தோலின் நிறம் மாறியிருக்கிறது. அம்மைக் கொப்புளத்தின் பொருக்கைப் பொடிசெய்து மூக்கில் ஊதிய பழைய வைத்தியத்தின் தடயம். நடுவில் ராஜாவின் பாட்டி லட்சுமி அம்மணி. கணவரை அம்மைக்குப் பறிகொடுத்தவர். சான்ஸலரின் கணிப்பு இது.

சரியென்றால், ஹிக்கி பலே ஆசாமி. நடுவில் இழப்பு, ஒரு பக்கம் பழைய மருந்து, மறுபக்கம் புது மருந்து. ஒரு வரி எழுதாமல் முழுக் கதையும் சொல்லியாகிவிட்டது.

பி.காம். படித்தவன் கண்ணுக்கு இது அசல் விளம்பரப் படம். ஜென்னரின் தடுப்பூசி இந்தியாவுக்கு வந்தது 1802-ல். மாட்டு அம்மையிலிருந்து வந்த சரக்கு, ஜனங்கள் பயந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ராணியைவிட நல்ல மாடல் கிடைக்குமா?

அந்தச் சிறுமியிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் கேவலமாகப் பேசப்பட்ட அந்தச் சேலை விலகல், நாலு பேர் பிழைக்கட்டும் என்று விலக்கியது.

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 1980-ல் அறிவித்தது. வீட்டுப் பெரியவர்கள் கையில் அம்மை குத்தின வட்டத் தழும்பு இருக்கும், பாருங்கள். இளைய ராணி காட்டுவதும் அதைத்தான்.