குன்றக் கூறலும் மற்றொன்று விரித்தலும்

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினை நன்னூலார் வகுத்துரைத்தார். செய்தித்தாள் நூலன்று, எனினும் அவற்றுள் இரண்டு செய்திக்கும் பொருந்தும் என்பதற்குச் சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தல் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஞாயிறன்று, ஹவ்காங் திடலில் பாட்டாளிக் கட்சி பொதுக்கூட்டம் நடத்தியது. தேக்காவின் சிராங்கூன் சாலையிலேயே வடகிழக்காகச் சென்றால் எட்டும் வட்டாரம் அது. அலெக்ஸ் ஆவ் என்னும் எழுத்தாளர் அடுக்குமாடிக் கட்டடத்தின் உயரத்திலிருந்து அத்திரளைப் படமெடுத்துத் தம் இணையத்தளத்தில் வெளியிட்டார். திடல் கொள்ளாத மக்கள்! இக்காட்சி நாளிதழ்களில் ஏன் இல்லை என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது.

நாளிதழ்கள் கூட்டத்தை மறைத்துவிடவில்லை. பேச்சாளர் பெயரும் பேச்சும் வந்தன. மேடையில் நிற்பவரை அணுகி எடுத்த படமும் பொய்யன்று. ஆயினும் எதிரே ஐம்பதின்மர் நின்றனரா, பல்லாயிரவர் நின்றனரா என்பதை அது சொல்லாது. இதுவே குன்றக் கூறல். பிற வழுக்களைவிட இது கொடிது. தவறாக எழுதியதை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தலாம். எழுதாது விட்டதை எங்ஙனம் திருத்துவது?

இரண்டாவது குற்றம் அல்ஜுனிட் குழுத்தொகுதியில் நேர்ந்தது. அங்கு நின்ற பாட்டாளிக் கட்சி வேட்பாளர் ஜேம்ஸ் கோமஸ், சிறுபான்மையினர் சான்றிதழுக்கான படிவத்தைத் தேர்தல் துறையில் கொடுத்துவிட்டதாகக் கூறினார். கொடுக்கவில்லை என்பதைக் கண்காணிப்புக் கருவி காட்டியது. அவரும் மன்னிப்புக் கேட்டார். பிழை பிழையே. ஆனால் மக்கள் செயல் கட்சித் தலைவர்கள் அதனையே மீண்டும் மீண்டும் எழுப்ப, ஏடுகளும் நாள்தோறும் அதற்கு இடந்தந்தன. ஹவ்காங், பொத்தோங் பாசிர் மக்களுக்கு வாக்களிக்கப்பட்ட வீட்டு மேம்பாட்டுத் திட்டங்கள் முறைதானா என்னும் பெருங்கேள்வி பின்னுக்குச் சென்றது. தொடங்கிய பொருளை விடுத்து மற்றொன்று விரித்தல் வேறென்ன?

திரள் வாக்காகாது என்பர். மெய்யே, 84 இடங்களுள் 82ஐ மக்கள் செயல் கட்சி வென்றது, பாட்டாளிக் கட்சி ஹவ்காங் ஒன்றையே வென்றது. ஆனால் அந்தக் கழித்தற்கணக்கு வாசகன் போட வேண்டியது. பத்திரிகை ஆசிரியர் முன்கூட்டியே போட்டுத் தருவதன்று.

செய்தியாளரை மட்டும் நோவதும் நேர்மையாகாது. 1959இல் எதிர்க்கட்சியாய் நின்ற இதே மக்கள் செயல் கட்சி, ‘ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்’ தனக்குப் பகை என்று மேடைதோறும் முறையிட்டது. அக்கட்சியின் எஸ். இராசரத்தினமோ அவ்வேட்டிலேயே எழுதியவர்! ஆட்சி ஏற்றுப் பதினைந்து ஆண்டுகளில், 1974இல், அவர்கள் கொணர்ந்த செய்தித்தாள், அச்சகச் சட்டம் பன்மடங்கு வாக்குரிமையுடைய நிர்வாகப் பங்குகளை ஏற்படுத்தி, அரசின் இசைவு பெற்றோரே அவற்றை வைத்திருக்கலாம் என்று விதித்தது.