லேபிள் வெட்டிய பாட்டு

சாய்கோவ்ஸ்கியை உங்களுக்குத் தெரியும். 'யாரு சார் அது, செஸ் பிளேயரா?' என்று கேட்காதீர்கள். டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) படத்தில் இளவரசி காட்டில் பாடிக்கொண்டே ஆடுவாளே, அந்த மெட்டு அவருடையது. பார்பியின் 'ஸ்வான் லேக்' (2003) படத்தை உங்கள் பெண் நாற்பது தடவை பார்த்திருந்தால், உங்கள் ஹாலில் நாற்பது தடவை ஒலித்ததும் அவர்தான். யார் இசை என்று ஒரு தடவையாவது கேட்டிருப்போமா?

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் வாங்கியவர்களுக்கு இது புதுசில்லை. காலருக்குப் பின்னால் தடவினால் லேபிளை வெட்டியிருப்பார்கள். துணி அதே துணி, தையல் அதே தையல். பெயர் மட்டும் இருக்காது. சாய்கோவ்ஸ்கி நம்ம ஊருக்கு வந்து சேர்ந்தது இந்த லட்சணத்தில்தான்.

மற்ற ரஷ்யர்கள் ஜம்மென்று லேபிளோடு வந்தார்கள். 1953 மார்ச் 1-ம் தேதி கருணாநிதிக்கு மகன் பிறந்தார். 5-ம் தேதி மாஸ்கோவில் ஸ்டாலின் இறந்துபோனார். பிள்ளைக்கு அந்தப் பெயர். சங்கங்களோடு சேர்ந்து வளர்ந்த பனியன் ஊர் இது. 2019, 2024 இரண்டு மக்களவைத் தேர்தல்களிலும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே.சுப்பராயன் ஜெயித்த தொகுதி. இங்கே லெனின், கார்க்கி என்று கூப்பிட்டால் யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். சாய்கோவ்ஸ்கி என்று கூப்பிட்டுப் பாருங்கள். சாயப்பட்டறைக்கு வழி கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

காரணம் சிம்பிள். ரஷ்ய நாவல்கள் மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, இங்கே நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் சல்லிசாகக் கிடைத்தன. இசைத்தட்டு கேட்க கிராமபோன் வேண்டும். கிராமபோனுக்குக் காசு வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பெயரின் வேர் ரொம்ப எளிமை. ரஷ்ய மொழியில் 'சாய்கா' என்றால் கடற்காகம். மூதாதையர் குடும்பப் பெயரே சாய்காதான். தாத்தா காலத்தில் வால் நீண்டு சாய்கோவ்ஸ்கி ஆனது. 1963-ல் விண்வெளிக்குப் போன முதல் பெண் வாலண்டினா தெரஷ்கோவா ரேடியோவில் தன்னைச் சொல்லிக்கொண்டதும் 'சாய்கா' என்றுதான். இங்கிலீஷ் எழுத்தில் அதற்கு முன்னால் ஒரு 'டி' வந்து ஒட்டிக்கொண்டது. நம்மில் சிலர் 'சைக்கோவ்ஸ்கி' என்று எழுதி மனுஷனை மிஷ்கின் படத்து வில்லன் ஆக்கிவிட்டோம்.

அமெரிக்காவில் வேறு கதை. சக் பெர்ரி 1956-ல் 'ரோல் ஓவர் பீத்தோவன்' பாடியபோது அதில் சாய்கோவ்ஸ்கியையும் இழுத்தார். கோட்டு சூட்டுப் போட்ட பெரிய மனிதர் சங்கீதத்துக்கு அது மொத்தப் பெயர்ப்பலகை.

ரஷ்யாவில் இன்னும் சுவாரஸ்யம். அங்கே 'ஸ்வான் லேக்' (1877) ஒரு பாலே நடனம் மட்டுமில்லை, ஒரு சேதி. 1982-ல் பிரெஷ்னேவ் செத்தபோது டி.வி.யில் அது ஓடியது. 1991 ஆகஸ்ட்டில் கோர்பசேவைக் கவிழ்க்கப் பார்த்தபோதும் அதுவேதான், திரும்பத் திரும்ப. அப்புறமென்ன, டி.வி.யில் அன்னம் ஆடினாலே மேலே யாருக்கோ நாற்காலி ஆடுகிறது என்று அர்த்தமாகிப் போச்சு. 2022-ல் 'டோஷ்த்' என்ற சேனல் ஒளிபரப்பை நிறுத்தியபோது கடைசியாகப் போட்டுவிட்டுப் போனதும் அந்த அன்னத்தைத்தான். ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படவில்லை. நமக்கும் இது புரியும். ரேடியோவில் சினிமாப் பாட்டு நின்று ஒற்றை வயலின் அழ ஆரம்பித்தால், கடைக்காரர் கை தானாக ஷட்டருக்குப் போகும். (வடக்கே கல்யாணத்துக்கு ஊதுகிற ஷெனாய், தமிழ் சினிமாவில் மட்டும் எழவு வீட்டுக்கு வரும். அது தனிக் கட்டுரை.)

ஒலிம்பிக்கில் நடந்ததுதான் உச்சம். ஊக்கமருந்து விவகாரத்தால் ரஷ்யக் கொடிக்கும் தேசிய கீதத்துக்கும் தடை. 2021 டோக்கியோவிலும் 2022 பெய்ஜிங்கிலும் ரஷ்யர்கள் தங்கம் வாங்கியபோது ஒலித்தது சாய்கோவ்ஸ்கியின் முதல் பியானோ கான்செர்ட்டோ. நாட்டின் லேபிளை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இவரைத் தைத்தார்கள். ஒரு மாசம் போகவில்லை, உக்ரைன் போர். பிரிட்டனின் கார்டிஃப் நகரத்து ஆர்கெஸ்ட்ரா இவருடைய '1812 ஓவர்ச்சர்' இசையை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டது. ஆள் செத்தது 1893-ல்!

நான் படித்தது பி.காம். அதில் 'குட்வில்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. கண்ணால் பார்க்க முடியாது, ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து. கேள்வி, அது யார் கணக்கில் ஏறுகிறது என்பதுதான். 'டைம்' பத்திரிகை ஏ.ஆர்.ரஹ்மானை 'மெட்ராஸின் மொசார்ட்' என்றது. நாமும் குஷியாகி இன்றுவரை மேடைக்கு மேடை சொல்கிறோம். எனக்கு அதில் சம்மதம் இல்லை. சரக்கு மெட்ராஸ், லேபிள் வியன்னா. குட்வில் போவது மொசார்ட் கணக்குக்கு. தைப்பது இங்கே, பிராண்டு அங்கே என்று வருஷக்கணக்காகப் பார்க்கிற திருப்பூர்க்காரருக்கு இதை விளக்கணுமா?

இளையராஜா செய்ததைப் பாருங்கள். 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' என்று ஒரு ஆல்பம். தலைப்பே பெயர் பற்றிய கேள்வி. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் என்று போட்டார். கடன் யாரிடம் என்று சொல்லியாச்சு. சரக்கு என்னுடையது என்பதும் சொல்லியாச்சு. இது நேர்மையான லேபிள்.

சாய்கோவ்ஸ்கியை விடுங்கள், உடுமலைக்கு வாருங்கள். திருப்பூர் மாவட்டத்துப் பூளவாடியில் 1899-ல் பிறந்த உடுமலை நாராயண கவி, ஊர்ப் பெயரையே முன்னால் தைத்துக்கொண்டவர். என்.எஸ்.கிருஷ்ணன் வாயில் ஊர் சிரித்த பாட்டுகள் பலவும் அவர் எழுதியவை. இலங்கை வானொலியில் படம், பாடியவர், எழுதியவர், இசை எல்லாம் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார்கள். எட்டாவது படிக்காதவனுக்கும் கவிஞர் பெயர் தெரிந்தது அப்படித்தான். இன்றைக்குப் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேலே எஃப்.எம். அலறுகிறது. ஆர்.ஜே. தன் பெயரை நாலு தரம் சொல்கிறார், ஜவுளிக்கடைப் பெயரை எட்டு தரம். பாட்டு எழுதியவர் பெயர் கிடையாது. சரி, செல்போனில் தேடலாம் என்றால், எழுதியவர் யாரானாலும் அங்கே 'எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்', 'சிவாஜி ஹிட்ஸ்' என்றுதான் போட்டிருக்கிறது.